இரண்டு பிரசிடெண்ட் கேஸ்கள்

மலர்க் குழுவிலிருந்து போன் செய்த சீனியர் ஒருவர், "தொழில் சம்பந்தமா எழுதாதப்பா, யாரும் படிக்க மாட்டாங்க. ஏதாவது சரித்திரம் எழுது" என்றார். நான் இன்ஜினியர். கோர்ட் வாசலை மிதித்ததுகூட அதிகமில்லை. ஆனாலும் தேர்தல் வழக்குகளைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். 2006-ல் நடந்த ஊராட்சித் தலைவர் தேர்தலில் என் பெரியப்பா நின்றார். ஏழு ஓட்டில் தோற்றார். செல்லாத ஓட்டு என்று ஒதுக்கியதில் தன்னுடையதும் இருக்கிறது என்று அவருக்கு ஒரே சந்தேகம். வக்கீல் வைத்துக் கேஸ் போட்டார். அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பையன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், "பிரசிடெண்ட் எலெக்ஷன் கேஸ் என்னாச்சு?" என்று விசாரிப்பார்கள். நம் பக்கத்துக் கிராமங்களில் 'பிரசிடெண்ட்' என்றால் ஊராட்சித் தலைவர்தானே!

பிறகு நம் கல்லூரிக்கு வந்தேன். ஒரு நாள் லைப்ரரியில் பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டும்போது 'ஜனாதிபதி தேர்தல் வழக்கு' என்று ஒரு தலைப்பு கண்ணில் பட்டது. அட, டெல்லி பிரசிடெண்ட் மேலேயும் இப்படிக் கேஸ் போட முடியுமா என்று உட்கார்ந்து படித்தேன். அன்றைக்குத் தொற்றிய ஆர்வம் இன்னும் விடவில்லை.

கதவு ஒன்றுதான்

ஊராட்சித் தலைவர் தேர்தலில் தகராறு என்றால் மாவட்ட நீதிமன்றம். எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தல் என்றால் ஹைகோர்ட். ஜனாதிபதி, துணை ஜனாதிபதி தேர்தல் என்றால் நேராக சுப்ரீம் கோர்ட். அதற்குக் கீழே எந்தக் கோர்ட்டும் தொட முடியாது. அரசியல் சட்டத்தின் 71-வது பிரிவு இதைச் சொல்கிறது. சுப்ரீம் கோர்ட் சொல்வதே முடிவு.

அதே பிரிவில் இன்னொரு நல்ல ஏற்பாடும் இருக்கிறது. ஒருவர் ஜனாதிபதியாகி ஒரு வருஷம் வேலை பார்த்த பிறகு தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தால், அதுவரை அவர் போட்ட கையெழுத்தெல்லாம் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, அத்தனையும் செல்லும். ஆள் போகலாம், அரசாங்கம் நின்றுபோகக் கூடாது. பழுதான பாகத்தைக் கழற்றும்போது மெஷின் முழுவதையும் உடைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலிலும் பால பாடம்.

ஜனாதிபதியை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் வாக்காளர்கள். ஓட்டுக்கு மதிப்பும் உண்டு. 1971 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என்று நம் மாவட்டத்தின் ஐந்து பேருக்கும் சேர்த்து 880. 2022 தேர்தலில் ஒரு எம்.பி.யின் ஓட்டு மதிப்பு 700. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இந்தக் கதவை முதலில் தட்டியவர் டாக்டர் என்.பி. கரே. சுதந்திரத்துக்கு முன்பு மத்திய மாகாணத்தின் பிரதமராக இருந்தவர். 1957-ல் சில தொகுதிகளில் தேர்தல் முடியாமல் இருந்தபோது, வாக்காளர் குழு முழுமையாக இல்லாத நிலையில் ஜனாதிபதி தேர்தலை எப்படி நடத்தலாம் என்று கேட்டார். "தேர்தல் முடிந்த பிறகுதான் தகராறைக் கேட்போம்" என்றது சுப்ரீம் கோர்ட். சரி என்று முடிந்த பிறகு மறுபடி வந்தார். அவர் தேர்தலில் நின்ற வேட்பாளரும் இல்லை, விதிப்படி பத்து வாக்காளர்களோடு சேர்ந்தும் வரவில்லை. மனு நிற்கவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு 1961-ல் பாராளுமன்றமே பதில் எழுதிவிட்டது. வாக்காளர் குழுவில் சில இடம் காலி என்பதற்காக ஜனாதிபதி தேர்தலைக் குறை சொல்ல முடியாது என்று 11-வது திருத்தம் வந்தது.

ஆக, கோர்ட் கேட்கும் முதல் கேள்வி "தப்பு நடந்ததா?" என்பது இல்லை. "நீ யார்? எப்போது வந்தாய்?" என்பதுதான்.

1969: நாடே பார்த்த போட்டி

1969 மே 3-ம் தேதி ஜனாதிபதி ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். துணை ஜனாதிபதி வி.வி. கிரி தற்காலிக ஜனாதிபதியானார். காங்கிரஸ் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. பிரதமர் இந்திரா காந்திக்கு அது பிடிக்கவில்லை. கிரி ஜூலை 20-ல் பதவியை ராஜினாமா செய்துவிட்டு சுயேச்சையாக நின்றார். ஜனாதிபதியும் இல்லை, துணை ஜனாதிபதியும் இல்லை என்ற நிலையில் தலைமை நீதிபதி ஹிதயதுல்லா ஜனாதிபதி நாற்காலியில் சில வாரங்கள் உட்கார வேண்டியதாயிற்று.

"மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள்" என்றார் இந்திரா. கட்சி இரண்டு பட்டது. நம் தமிழ்நாட்டிலும் அதே கதைதான். காமராஜர் ரெட்டி பக்கம், தி.மு.க. கிரி பக்கம். சுதந்திரா கட்சியும் ஜனசங்கமும் சி.டி. தேஷ்முக்கை நிறுத்தின. இதில் நம் பக்கத்துச் சங்கதி ஒன்று உண்டு. சுதந்திரா கட்சியைத் தொடங்கிய ராஜாஜி, ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர். அந்த ஊர் அன்றைக்கு நம் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது, 2004-லிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம். 1937-ல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது அவர் மந்திரி சபையில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் இதே கிரிதான்! முப்பது வருஷம் கழித்து இவர் கட்சி வேட்பாளரை எதிர்த்து அவர்.

ஆகஸ்ட் 16-ல் ஓட்டுப் பதிவு, 20-ல் எண்ணிக்கை. மொத்தம் 15 வேட்பாளர்கள். செல்லுபடியான ஓட்டு மதிப்பு 8,36,337. ஜெயிக்க வேண்டுமானால் 4,18,169 வேண்டும். முதல் சுற்றில் கிரிக்கு 4,01,515. ரெட்டிக்கு 3,13,548. தேஷ்முக்குக்கு 1,12,769. யாருக்கும் பாதி இல்லை. கீழே இருப்பவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுடைய இரண்டாவது விருப்பங்களைப் பிரித்துச் சேர்த்தார்கள். கடைசியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427.

வித்தியாசம் 14,650. பெரிய எண்ணாகத் தெரிகிறது, இல்லையா? இப்போது பழைய கணக்கை எடுங்கள். அன்றைக்கு ஒரு எம்.பி.யின் ஓட்டு மதிப்பு 576. ஒரு எம்.பி. கிரி பக்கமிருந்து ரெட்டி பக்கம் போயிருந்தால் அங்கே 576 குறைந்து இங்கே 576 கூடும். பதிமூன்று எம்.பி.க்கள் மாறியிருந்தால் சஞ்சீவ ரெட்டிதான் ஜனாதிபதி. எங்கள் பெரியப்பாவின் ஏழு ஓட்டுக்கும் இந்தப் பதிமூன்று பேருக்கும் பெரிய தூரம் இல்லை.

ஒரு மொட்டைக் கடுதாசி

தேர்தலுக்கு முந்தைய நாட்களில் டெல்லியில் ஒரு துண்டுப் பிரசுரம் உலவியது. அச்சடித்தவர் பேர் இல்லை, கையெழுத்து இல்லை. சுத்தமான மொட்டைக் கடுதாசி. சஞ்சீவ ரெட்டியின் சொந்த நடத்தையைப் பற்றித் தரக்குறைவாக எழுதியிருந்தார்கள். எம்.பி.க்களுக்குத் தபாலில் போனது. பாராளுமன்றத்தின் மைய மண்டபத்திலேயே கைக்குக் கை மாறியது என்றும் புகார்.

தோற்ற தரப்பு சும்மா இருக்குமா? நான்கு தேர்தல் மனுக்கள் சுப்ரீம் கோர்ட்டில் பதிவாயின. சிவ் கிர்பால் சிங் என்பவர் முதல் பேராக இருந்ததால், 'சிவ் கிர்பால் சிங் எதிர் வி.வி. கிரி' என்று இந்த வழக்கு சட்டப் புத்தகங்களில் நிற்கிறது. குற்றச்சாட்டுகள் இரண்டு வகை. வேட்பு மனுக்களை ஏற்றதிலும் தள்ளியதிலும் தப்பு என்பது ஒன்று. அந்தப் பிரசுரத்தின் மூலம் வாக்காளர்களைத் தகாத முறையில் வசப்படுத்தினார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் உயிர்நாடி.

ஐந்து நீதிபதிகள் விசாரித்தார்கள். சிக்ரி, ஷெலத், பார்கவா, மிட்டர், வைத்தியலிங்கம். ஜனாதிபதி நாற்காலியில் கொஞ்ச நாள் உட்கார்ந்திருந்த தலைமை நீதிபதி ஹிதயதுல்லா அந்த அமர்வில் இல்லை.

பொதுவாக சுப்ரீம் கோர்ட்டில் சாட்சி விசாரணை நடக்காது. கீழ்க் கோர்ட்டில் எழுதி வைத்த சாட்சியத்தை வைத்து வாதம் மட்டும்தான் நடக்கும். இங்கே கீழ்க் கோர்ட்டே கிடையாதே! அதனால் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒரு ஜில்லா கோர்ட் மாதிரி சாட்சிகளைக் கூப்பிட்டு, சத்தியப் பிரமாணம் வாங்கி, குறுக்கு விசாரணை நடத்தியது. எம்.பி.க்கள் ஒவ்வொருவராக வந்து, "அந்தப் பிரசுரத்தைப் பார்த்தீர்களா? யார் கொடுத்தார்கள்? எப்போது?" என்ற கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள்.

நாற்காலியில் இருந்து சாட்சியாக

அப்புறம்தான் அந்த நாள். ஜனாதிபதி வி.வி. கிரி தாமே சுப்ரீம் கோர்ட்டுக்கு நேரில் வந்து சாட்சி சொன்னார். பதவியில் இருக்கும் இந்திய ஜனாதிபதி ஒருவர் தன் தேர்தல் வழக்கில் கோர்ட்டுக்கு வந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னது அதுவே முதல் முறை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த நீதிபதிகளை நியமிக்கும் உத்தரவில் கையெழுத்து போடுகிறவர் ஜனாதிபதி. முப்படைகளுக்கும் தலைவர். தூக்குத் தண்டனையைக்கூட ரத்து செய்ய அதிகாரம் உள்ளவர். அப்படிப்பட்டவரைப் பார்த்து எதிர்த்தரப்பு வக்கீல், "உங்களுக்கு இந்தப் பிரசுரத்தைப் பற்றி எப்போது தெரியும்?" என்கிற மாதிரிக் கேள்வி கேட்க முடிந்தது. அவரும் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. அன்றைக்கு அவருக்கு வயது 75.

நான் இந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் முதலில் மனதில் வருவது தீர்ப்பு இல்லை, இந்தக் காட்சிதான்.

டேப் ரிக்கார்டர் வந்த கதை

இந்த வழக்கில் எங்கள் துறைக்கும் ஒரு பங்கு உண்டு. சாட்சியாக வந்த ஜகத் நாராயண் என்ற எம்.பி.யிடம், மனுதாரர்களில் ஒருவரான அப்துல் கனி தாரிடம் போனில் பேசி மனுப் போடாதே என்று தடுக்கப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். அவர் மறுத்தார். உடனே மனுதாரர் தரப்பு ஒரு டேப்பை எடுத்து வைத்தது. அந்தப் பேச்சின் பதிவு!

டேப் ரிக்கார்டர் என்பதே பெரும்பாலான வீடுகள் பார்த்திராத காலம். அதை சாட்சியமாக எடுக்கலாமா? எடுக்கலாம் என்றது கோர்ட். ஒரு சாட்சி முன்னே சொன்னதும் இப்போது சொல்வதும் முரண்படுகிறது என்று காட்ட டேப்பைப் பயன்படுத்தலாம். ஆனால் டேப்பில் அழிக்கலாம், வெட்டி ஒட்டலாம், அதனால் எச்சரிக்கையோடுதான் எடை போட வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. செல்போனில் பதிவு செய்ததை எல்லாம் கோர்ட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிற இந்தக் காலத்திலும் அந்த இரண்டு வரிகள் செல்லுபடியாகின்றன.

இரண்டு பூட்டு

1970 செப்டம்பர் 14-ம் தேதியிட்ட தீர்ப்பு. மனுக்கள் தள்ளுபடி. கிரியே ஜனாதிபதி.

ஏன் தள்ளுபடி? அந்தப் பிரசுரம் ஆபாசமானது என்பதில் கோர்ட்டுக்குச் சந்தேகம் இல்லை. அப்படி ஒன்றைப் பரப்புவது சட்டம் சொல்லும் தகாத வசப்படுத்தல் ஆகுமா என்பதில் நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. ஆனால் முடிவில் ஐந்து பேரும் ஒன்று. சட்டத்தில் இரண்டு பூட்டு இருந்தது. இரண்டில் ஒன்றையாவது மனுதாரர் திறக்க வேண்டும்.

முதல் பூட்டு: ஜெயித்தவர் தாமே அந்தத் தப்பைச் செய்தார், அல்லது அவருக்குத் தெரிந்து, அவர் கண்டுகொள்ளாமல் விட்டு நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். அது நிரூபணமானால் எத்தனை ஓட்டு மாறியது என்று கேட்கவே வேண்டாம், தேர்தல் செல்லாது.

இரண்டாம் பூட்டு: வேறு யாரோ செய்திருந்தால், அதனால் தேர்தல் முடிவே மாறிப்போனது என்று நிரூபிக்க வேண்டும்.

கிரிக்குப் பிரசுரத்தில் பங்கு இருந்ததாக நிரூபணம் ஆகவில்லை. முதல் பூட்டு திறக்கவில்லை. முடிவு மாறியது என்பதும் நிரூபணம் ஆகவில்லை. இரண்டாவதும் திறக்கவில்லை.

இரண்டாம் பூட்டைத்தான் நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பதிமூன்று எம்.பி.க்கள் மனம் மாறினார்களா என்று எப்படி நிரூபிப்பது? ஓட்டு ரகசியம். யாருக்குப் போட்டாய் என்று யாரையும் கேட்க முடியாது. கேட்டாலும், "அந்தக் கடுதாசியைப் படித்துத்தான் மாற்றிப் போட்டேன்" என்று எந்த எம்.பி. ஒப்புக்கொள்வார்? ஆக, பூட்டு இருக்கிறது, சாவி கிடைப்பது அபூர்வம்.

இது அநியாயம் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் மறுபக்கம் பாருங்கள். யாரோ ஒருவன் அச்சடித்த மொட்டைக் கடுதாசி ஒன்றால் நாட்டின் தேர்தலையே ரத்து செய்யலாம் என்றால், அடுத்த தேர்தலில் தோற்கப்போகிறவரே ஆள் வைத்துத் தன்னைப் பற்றி ஒரு கடுதாசி அடித்து விட்டுவிடுவார்! எங்கள் தொழிலில் 'டாலரன்ஸ்' என்போம். எந்தப் பாகமும் அச்சு அசலாக அளவுக்கு வராது. எவ்வளவு பிசகு வரை மெஷின் ஓடும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கிறோம். தேர்தல் சட்டமும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு

தோற்ற சஞ்சீவ ரெட்டி என்ன ஆனார்? 1977-ல் மறுபடி நின்றார். 37 பேர் மனு செய்ததில் 36 மனுக்கள் தள்ளுபடியாகி, போட்டியே இல்லாமல் ஜனாதிபதியானார். எட்டு வருஷம் கழித்து அதே நாற்காலி!

இடையில் 1974-ல் சட்டத்தை இறுக்கினார்கள். விளையாட்டுக்கு நிற்பவர்களைத் தடுக்க, பத்து வாக்காளர்கள் முன்மொழிய, பத்து பேர் வழிமொழிய வேண்டும் என்றார்கள். 1997-ல் அது ஐம்பது, ஐம்பது ஆனது. டெபாசிட் 15,000 ரூபாய். வழக்குப் போடவும் வேட்பாளராக இருக்க வேண்டும், அல்லது இருபது வாக்காளர்கள் சேர வேண்டும். முடிவு வந்து 30 நாளுக்குள் வர வேண்டும். சரண் லால் சாஹு என்ற வக்கீல் ஜனாதிபதிகளின் மேல் வழக்குப் போடுவதை வழக்கமாகவே வைத்திருந்தார். முறைப்படி வேட்பாளராகவே ஆகவில்லை என்பதால் பெரும்பாலும் வாசலிலேயே திரும்ப வேண்டியதாயிற்று.

ஒரு கட்டத்தில் கதவையே மூடிவிட்டார்கள் என்பது இளைய தலைமுறைக்குத் தெரிய வேண்டும். 1975 ஜூன் 12-ல் இந்திரா காந்தியின் எம்.பி. தேர்தல் செல்லாது என்று அலகாபாத் ஹைகோர்ட் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா தீர்ப்பளித்தார். பிறகு வந்தது எமர்ஜென்சி. ஆகஸ்டில் 39-வது திருத்தம் வந்தது. பிரதமர், சபாநாயகர் தேர்தல்களோடு, ஜனாதிபதி, துணை ஜனாதிபதி தேர்தல் தகராறுகளையும் கோர்ட்டின் கையிலிருந்து எடுத்தார்கள். ஜனதா ஆட்சியில் 1978-ல் நிறைவேறிய 44-வது திருத்தம்தான் 71-வது பிரிவைப் பழையபடி சுப்ரீம் கோர்ட்டுக்குத் திருப்பிக் கொடுத்தது. பெரிய சண்டை இல்லாமல் திரும்பி வந்ததால், அது போயிருந்ததே பலருக்கு ஞாபகம் இல்லை.

சமீபத்திய பெரிய வழக்கு 2012-ல். பிரணாப் முகர்ஜி 7,13,763 ஓட்டு மதிப்பும் பி.ஏ. சங்மா 3,15,987-ம் பெற்றார்கள். கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தலைவர் பதவி ஆதாயம் தரும் பதவி, அதில் இருந்துகொண்டு பிரணாப் நின்றது தப்பு என்றார் சங்மா. அந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது. முழு விசாரணைக்கே அவசியமில்லை என்று டிசம்பர் 5-ல் தள்ளுபடி செய்தார்கள். மூன்றுக்கு இரண்டு. பெரும்பான்மையில் இருந்தவர்களில் ஒருவர் நம் ஈரோடு மாவட்டத்துக்காரரான நீதிபதி பி. சதாசிவம். விசாரணை நடத்திப் பார்த்திருக்கலாம் என்றவர்கள் நீதிபதிகள் செலமேஸ்வரும் ரஞ்சன் கோகோயும். நான் யார் பக்கம் என்று கேட்டால், அந்த இரண்டு பேர் பக்கம். வித்தியாசம் எத்தனை லட்சமாக இருந்தாலும், கேள்வியைக் கேட்டுவிட்டு 'இல்லை' என்பது வேறு, கேட்காமலே 'இல்லை' என்பது வேறு.

அக்கம் பக்கம்

இலங்கையில் 1988 டிசம்பரில் ஜனாதிபதி தேர்தல். பிரேமதாசாவிடம் தோற்ற சிறிமாவோ பண்டாரநாயகா உச்ச நீதிமன்றம் போனார். வன்முறையாலும் மிரட்டலாலும் மக்கள் ஓட்டுப் போட வர முடியவில்லை என்பது புகார். தீர்ப்பு 1992-ல்தான் வந்தது. மனு தள்ளுபடி. அதற்குள் ஜனாதிபதியின் ஆறு வருஷத்தில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது.

இதற்கு நேர் எதிர் கென்யா. அங்கே 14 நாளில் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும் என்பது அரசியல் சட்டம். 2017 ஆகஸ்டு 8-ல் நடந்த தேர்தலை செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. முடிவுகளை கம்ப்யூட்டர் வழியாக அனுப்பியதில் குளறுபடி. சர்வரைப் பார்க்க விடுங்கள் என்று கோர்ட் சொல்லியும் தேர்தல் கமிஷன் சரியாகக் காட்டவில்லை. எங்கள் பாஷையில் சொன்னால், ரீடிங் காட்டாத மீட்டரை எப்படி நம்புவது?

ஆஸ்திரியா இன்னொரு வகை. 2016 மே மாதம் 30,863 ஓட்டில் முடிவு. தபால் ஓட்டுகளை விதிப்படி பிரிக்கவில்லை, எண்ணவில்லை என்று புகார். மோசடி நடந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் விதி மீறிக் கையாண்ட ஓட்டுகள் 77,926. வித்தியாசத்தைவிட அது அதிகம், முடிவு மாறியிருக்க வாய்ப்பு உண்டு, அது போதும் என்று கோர்ட் ரத்து செய்தது. டிசம்பரில் மறுதேர்தல். முன்பு ஜெயித்த வான் டெர் பெல்லனே கூடுதல் வித்தியாசத்தில் ஜெயித்தார்!

'மாறியது என்று நிரூபி' என்பது நம் வழி. 'மாறியிருக்கலாம் என்று காட்டினால் போதும்' என்பது அவர்கள் வழி. ஓட்டுச் சீட்டு எண்ணிக்கைத் தகராறு என்றால் இரண்டாவது வழி நியாயமாகப் படுகிறது. மொட்டைக் கடுதாசித் தகராறு என்றால் முதல் வழி. எதை எண்ண முடியும், எதை எண்ண முடியாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பெரியப்பா சொன்னது

இனி பாலக்கோட்டுக்கு வருகிறேன். பெரியப்பாவின் கேஸ் வாய்தா மேல் வாய்தாவாகப் போனது. மஞ்சள் பையில் காகிதக் கட்டோடு பஸ் ஏறிப் போவார், சாயங்காலம் வருவார். தீர்ப்பு வருவதற்குள் 2011-ல் அடுத்த தேர்தலே வந்துவிட்டது. கேஸ் அர்த்தமில்லாமல் போயிற்று. ஒரு ஏக்கர் நிலத்தை அடமானம் வைத்ததுதான் மிச்சம் என்று பெரியம்மா இன்றைக்கும் திட்டுவார்.

நான் நம் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போது, கிரி வழக்கைப் பெரியப்பாவுக்குக் கதையாகச் சொன்னேன். ஜனாதிபதியே கோர்ட்டில் வந்து பதில் சொன்னார் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நம்ம கேஸ்லயும் அவன் கூண்டுல ஏறினான் கண்ணு. நம்ம வக்கீல் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னான். ஊர்ல என்னைப் பார்த்தா சிரிச்சிட்டுப் போறவன், அன்னைக்குத் தலையைக் குனிஞ்சு 'ஆமாங்க, இல்லைங்க'ன்னான். அதுக்கப்புறம் எனக்கு அவன் மேல கோவம் போயிருச்சு."

"தீர்ப்பு வரலையே பெரியப்பா?" என்றேன்.

"வந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். சீக்கிரம் வந்திருக்கணும். என் ஏழு ஓட்டு என்னாச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலையே" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்து போய்விட்டார்.

தேர்தல் வழக்கைப் பற்றி நான் படித்த எல்லாமே அவர் சொன்ன இரண்டு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஜெயித்தவர் பதில் சொல்ல வேண்டும். அது காலத்தில் முடிய வேண்டும். முதலாவதை கிரி வழக்கில் இந்த நாடு செய்து காட்டியது. இரண்டாவதில் நமக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தல் மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எழுதியபடி நடந்தால் எத்தனையோ மஞ்சள் பைகள் கொஞ்சம் சீக்கிரம் ஓய்வு பெறும்.

இந்த மலரைப் படிக்கும் இந்நாள் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் சிலர் வக்கீலாகலாம், சிலர் அதிகாரியாகலாம், யார் கண்டது, சிலர் வேட்பாளராகவும் நிற்கலாம். தோற்றால் கேளுங்கள், அதற்குக் கதவு இருக்கிறது. ஜெயித்தால் கூண்டில் ஏறிப் பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

விழாவில் சந்திப்போம். பெரியப்பாவையும் அழைத்து வருவதாக இருக்கிறேன். சந்தேகம் உள்ளவர்கள் அந்த ஏழு ஓட்டைப் பற்றி அவரிடமே நேரில் கேட்டுக்கொள்ளலாம்!